மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுக்கலாமா? தைராய்டு பரிசோதனை: வாசகர் கேள்வி – பதில்

தைராய்டு பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நோயைப் பற்றிக் கேட்கவில்லை, கையில் இருக்கும் லேப் ரிப்போர்ட்டைப் பற்றியே கேட்டிருந்தன. ஹார்மோன் நோய் மருத்துவரும் ரத்தப் பரிசோதனைக்கூட உயிர்வேதியியல் நிபுணரும் சேர்ந்து பதில் அளித்திருக்கிறார்கள்.

எனக்கு 75 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை. ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா? வெறும் வயிறு கட்டாயமா? லேபில் ஒன்று சொல்கிறார்கள், மருந்துக்கடையில் வேறொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, பாளையங்கோட்டை

மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். ரத்தம் கொடுத்த பிறகு, அங்கேயே தண்ணீரில் விழுங்குங்கள். மாத்திரை போட்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் ஃப்ரீ டி4, அதாவது புரதத்தில் ஒட்டாமல் தனித்து இருக்கும் தைராக்சின், ஏறும். சிலருக்கு அந்த ஏற்றம் 15 – 20 விழுக்காடு வரை போகும். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால் மருந்து அதிகமாகிவிட்டது போலத் தெரியும். தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் மட்டும் பார்ப்பதாக இருந்தால் அன்றைய மாத்திரையால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் ஒரே பழக்கமாக வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

வெறும் வயிறு கட்டாயம் இல்லை. நேரம்தான் முக்கியம். டிஎஸ்ஹெச் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. நள்ளிரவு தாண்டி விடியலுக்கு முன் உச்சத்துக்குப் போகும், பிற்பகலில் அடிமட்டத்துக்கு வரும். சாப்பிட்ட பிறகும் கொஞ்சம் இறங்கும். காலை 8 மணிக்கு 5-ஐத் தாண்டியவருக்குப் பகல் 2 மணிக்கு 4-க்குக் கீழே வருவது சாதாரணம். ஆகவே காலை 7 முதல் 9 மணிக்குள், சாப்பிடும் முன் என்று முடிவு செய்து, ஒவ்வொரு முறையும் அப்படியே கொடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று நடக்கிறது. டோஸ் மாற்றி மூன்று வாரத்தில் மறுபரிசோதனைக்கு ஓடுகிறார்கள். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் எடுக்கும். புதிய டோஸுக்கு அதன் அளவு நிலைப்பட ஐந்து வாரமாவது ஆகும், டிஎஸ்ஹெச் அதற்கும் பின்தங்கித்தான் வரும். டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்துவிட்டு மறுபடி டோஸை மாற்றினால் ஏறுவதும் இறங்குவதுமாகவே வருடம் ஓடிவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு மாதமாக மாத்திரையை அவ்வப்போது விட்டவர்கள், டெஸ்டுக்கு முந்தைய வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வருவதுண்டு. அவர்கள் ரிப்போர்ட்டில் ஃப்ரீ டி4 சரியாக இருக்கும், டிஎஸ்ஹெச் 15, 20 என்று நிற்கும். டி4 சீக்கிரம் ஏறிவிடும், டிஎஸ்ஹெச் இறங்க வாரங்கள் ஆகும் என்பதால் வரும் முரண் இது. உண்மை தெரியாத மருத்துவர் டோஸைக் கூட்டுவார். பிறகு நீங்கள் ஒழுங்காகப் போடத் தொடங்கினால் படபடப்பு வரும்.

ஃபில்டர் காபிக்கும் மாத்திரைக்கும் இடையில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம். அவை குடலிலேயே தைராக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை ஒரு லேபில் டிஎஸ்ஹெச் 5.6. நம்பிக்கை இல்லாமல் வெள்ளிக்கிழமை வேறு லேபில் பார்த்தேன், 4.3. எது பொய்?
– வாசகர், திண்டுக்கல்

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஒரே ஆளுக்கு, ஒரே லேபில், ஒரே கருவியில் பார்த்தாலும் டிஎஸ்ஹெச் வாரத்துக்கு வாரம் அசையும். இரண்டு முடிவுகளுக்கு இடையே நாற்பது, ஐம்பது விழுக்காடு வரை வேறுபாடு இருந்தாலும் அது உடலின் இயல்பான ஏற்ற இறக்கமாக இருக்க வாய்ப்பு உண்டு. அதோடு கருவியும் மாறுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் டிஎஸ்ஹெச்சைப் பிடிக்க வேறு வேறு ஆன்டிபாடியை (குறிப்பிட்ட பொருளை மட்டும் பிடிக்கும் புரதம்) பயன்படுத்துகிறது. அதனால் ஒரு கருவியின் இயல்பு அளவு 0.27 – 4.2, இன்னொன்றின் அளவு 0.35 – 4.94. உங்கள் எண்ணை அதே ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் இயல்பு அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ரிப்போர்ட்டோடு ஒப்பிட வேண்டாம்.

அலகும் ஆளை ஏமாற்றும். டிஎஸ்ஹெச்சுக்கு ‘லிட்டருக்கு மில்லி யூனிட்’ என்று போட்டாலும் ‘மில்லி லிட்டருக்கு மைக்ரோ யூனிட்’ என்று போட்டாலும் ஒரே எண்தான். ஃப்ரீ டி4 அப்படியல்ல. சில லேப்கள் டெசி லிட்டருக்கு நானோகிராமில் தரும், சில லேப்கள் லிட்டருக்கு பிகோமோலில் தரும். முன்னதை 12.87-ஆல் பெருக்கினால் பின்னது. போன முறை 1.2, இந்த முறை 15.4 என்று பார்த்துப் பதறாதீர்கள், இரண்டும் ஒரே அளவு.

ஒரு லேபைத் தேர்ந்தெடுத்து அதிலேயே தொடருங்கள். தேர்ந்தெடுக்கும்போது லேப்களின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா, அது தைராய்டு பரிசோதனைக்கும் சேர்த்துத்தானா என்று கேளுங்கள். வெளித்தரக் கட்டுப்பாட்டில் சேர்ந்திருக்கிறார்களா என்றும் கேட்கலாம். வேலூர் சி.எம்.சி. நடத்தும் திட்டம் இந்தியா முழுக்க லேப்களுக்குத் தெரிந்தது. அளவு சொல்லாத மாதிரியை அங்கிருந்து அனுப்புவார்கள், லேப் தன் கருவியில் பார்த்து முடிவைத் திருப்பி அனுப்ப வேண்டும். மற்ற லேப்களின் முடிவோடு எவ்வளவு விலகி நிற்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். இந்தக் கேள்வியைக் கேட்டதும் பதில் சொல்லத் தயங்காத லேப் நல்ல லேப்.

வயது 34. சோர்வாக இருந்ததால் பார்த்தேன். டிஎஸ்ஹெச் 6.8, ஃப்ரீ டி4 இயல்பு. ஆயுளுக்கும் மாத்திரை என்று சொல்லிவிட்டார்கள். அவசியமா?
– வாசகி, ஈரோடு

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஆயுள் முடிவு எடுக்க வேண்டாம். இரண்டு, மூன்று மாதம் கழித்து அதே லேபில், அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். காய்ச்சலோ வேறு நோயோ வந்து தேறும் காலத்தில் டிஎஸ்ஹெச் தற்காலிகமாக ஏறி, தானே இறங்கிவிடும்.

டிஎஸ்ஹெச் ஏன் இப்படி முந்திக்கொண்டு ஏறுகிறது என்று தெரிந்தால் பயம் குறையும். இது தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, ‘இன்னும் சுர’ என்று தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்ஹெச் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய நூறு மடங்கு ஆகும். டி4 இயல்பு எல்லைக்குள்ளேயே லேசாகச் சரிந்தாலும் இந்த எண் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். உங்களுக்கு இருப்பது அந்தத் தொடக்க நிலை.

மறுபரிசோதனையிலும் உயர்வாகவே இருந்தால், அதோடு, தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப் பொருளான ஆன்டி டிபிஓ ஒருமுறை பாருங்கள். இங்கிலாந்தில் விக்ஹாம் என்ற ஊர்ப்பகுதி மக்களை இருபது ஆண்டு பின்தொடர்ந்து பார்த்து, 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். டிஎஸ்ஹெச்சும் உயர்ந்து, இந்த எதிர்ப்புப் பொருளும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3 விழுக்காட்டினர் முழு தைராய்டு குறைபாட்டுக்குப் போனார்கள். டிஎஸ்ஹெச் மட்டும் உயர்ந்தவர்களில் 2.6 விழுக்காடு. எல்லோரும் போகவில்லை என்பதையும் கவனியுங்கள்.

டிஎஸ்ஹெச் 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மாத்திரை தொடங்குவோம். 10-க்குக் கீழே என்றால் குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா, கழுத்தில் வீக்கம் இருக்கிறதா, ஆன்டி டிபிஓ இருக்கிறதா, எண் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்த்துத்தான் முடிவு. சோர்வுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தால், மூன்று நான்கு மாதத்தில் டிஎஸ்ஹெச் சரியான பிறகும் சோர்வு போகாவிட்டால் அது தைராய்டால் வந்த சோர்வு அல்ல. ஹீமோகுளோபின், பி12, தூக்கம் ஆகியவற்றை அப்போது பார்க்க வேண்டும். உண்மையில் அவற்றை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஆன்டி டிபிஓ அளவை மாதாமாதம் பார்த்து ‘900 ஆகிவிட்டது’ என்று வருந்தாதீர்கள். இருக்கிறதா, இல்லையா என்பதற்குத்தான் அந்தப் பரிசோதனை. அந்த எண்ணை வைத்து டோஸை யாரும் மாற்றுவதில்லை.

அம்மாவுக்கு 78 வயது. டிஎஸ்ஹெச் 6.2. மருந்து வேண்டுமா?
– வாசகர், காரைக்குடி

ஃப்ரீ டி4 இயல்பாக இருந்தால் வேண்டியதில்லை. வயது ஏற ஏற டிஎஸ்ஹெச்சின் மேல் எல்லையும் ஏறும். எழுபதைத் தாண்டியவர்களுக்கு 6, 7 என்பது பலருக்கு இயல்பே. லேப் ரிப்போர்ட் எல்லா வயதுக்கும் ஒரே எல்லையை அச்சிடுவதால் அந்த எண் தடித்த எழுத்தில் வந்துவிடுகிறது. 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. இந்த லேசான உயர்வுக்கு மாத்திரை கொடுத்ததால் சோர்விலோ மற்ற அறிகுறியிலோ எந்த முன்னேற்றமும் இல்லை. தேவையில்லாத தைராக்சின் இந்த வயதில் இதயத் துடிப்பைக் குலைக்கும், எலும்பைத் தேய்க்கும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து மறுபடி பாருங்கள், போதும்.

முடி கொட்டுவதற்காக மூன்று மாதமாக பயோட்டின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். இப்போது டிஎஸ்ஹெச் 0.02, ஃப்ரீ டி4 மிக அதிகம், டிஆர்ஏபி பாசிட்டிவ். கிரேவ்ஸ் நோய் என்கிறார்கள். ஆனால் படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, கை நடுங்கவில்லை. கார்பிமசோல் தொடங்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

தொடங்க வேண்டாம். முதலில் பயோட்டினை நிறுத்துங்கள். கிரேவ்ஸ் என்பது, டிஆர்ஏபி என்ற எதிர்ப்புப் பொருள் தைராய்டைத் தூண்டி அதிகமாகச் சுரக்கவைக்கும் நோய்; கார்பிமசோல் அந்தச் சுரப்பைக் குறைக்கும் மருந்து. உங்கள் உடலில் நோயே இல்லாமல், கருவி மட்டும் தவறாகப் படித்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கருவி எப்படி அளக்கிறது என்று பார்ப்போம். பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று கண்டால் விடவே விடாது. இந்தப் பிடிப்பைப் பல கருவிகள் பயன்படுத்துகின்றன. டிஎஸ்ஹெச்சுக்கு இரண்டு ஆன்டிபாடி. ஒன்றின் வாலில் பயோட்டின் கட்டியிருக்கும், மற்றதில் ஒளி தரும் பொருள் கட்டியிருக்கும். இரண்டும் டிஎஸ்ஹெச்சை நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய நுண்ணிய காந்த மணிகளைச் சேர்ப்பார்கள். பயோட்டின் வால் மணியில் ஒட்டும், காந்தம் மணிகளை இழுத்துப் பிடிக்கும், மீதியைக் கழுவிவிடுவார்கள். மணியில் எவ்வளவு ஒளி மிஞ்சுகிறதோ அவ்வளவு டிஎஸ்ஹெச்.

உங்கள் ரத்தத்தில் மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் மிதந்துகொண்டிருக்கிறது. அது மணிகளில் இருக்கும் இடத்தையெல்லாம் முதலிலேயே பிடித்துக்கொள்ளும். டிஎஸ்ஹெச்சைப் பிடித்த ஆன்டிபாடிக்கு உட்கார இடம் இல்லை. கழுவும்போது அதுவும் போய்விடும். ஒளி குறையும். கருவி ‘டிஎஸ்ஹெச் குறைவு’ என்று எழுதும்.

தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி4 (தைராக்சின்), டி3 இரண்டும் மிகச் சிறிய மூலக்கூறுகள். இரண்டு ஆன்டிபாடி ஒரே நேரத்தில் பிடிக்க அவற்றில் இடமில்லை. ஆகவே அங்கே போட்டி முறை: ரத்தத்தில் உள்ள ஹார்மோனும் கருவியில் சேர்க்கும் ஹார்மோனும் ஒரே ஆன்டிபாடிக்குப் போட்டியிடும். ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று கணக்கு. மேலே சொன்ன அதே காரணத்தால் ஒளி குறைகிறது, இங்கே முடிவு ‘அதிகம்’ என்று வரும். டிஆர்ஏபியும் போட்டி முறைதான், அதுவும் பொய்யாக ஏறும். மூன்று தவறுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய், அச்சு அசல் கிரேவ்ஸ் நோயாகக் காட்டிவிடும். மூன்று சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும்? அதனால்தான் இது ஆபத்து.

எல்லாக் கருவிகளிலும் இந்தக் கோளாறு வராது. இந்தப் பிடிப்பையே பயன்படுத்தாத கருவிகள் உண்டு. பயன்படுத்துபவற்றிலும் அதிக பயோட்டினைத் தாங்கும் புதிய ரசாயனக் கலவைகள் வந்திருக்கின்றன. உங்கள் லேபைக் கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் செய்ய வேண்டியது இதுதான்: பயோட்டினைக் குறைந்தது இரண்டு நாள் முழுமையாக நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நரம்பு நோய்க்காக 100 – 300 மில்லிகிராம் எடுப்பவர்களும் இன்னும் அதிக நாள் நிறுத்த வேண்டும், அது மருத்துவர் சொல்லித்தான். மறுபரிசோதனையிலும் டிஎஸ்ஹெச் 0.02 என்றே வந்தால் நோய் உண்மை, அப்போது சிகிச்சை பற்றிப் பேசலாம்.

நம் உடலுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பயோட்டின் 30 மைக்ரோகிராம் அளவுதான். நீங்கள் எடுப்பது அதைப்போல 300 மடங்குக்கும் மேல். டப்பாவில் ‘வைட்டமின் பி7’, ‘வைட்டமின் ஹெச்’ என்றும் எழுதியிருக்கும், ‘முடி, தோல், நகம்’ என்று விற்கும் கலவைகளிலும் இருக்கும். முடி கொட்டுகிறவர்கள்தான் பயோட்டின் சாப்பிடுகிறார்கள், முடி கொட்டுகிறவர்களைத்தான் தைராய்டு பார்க்கச் சொல்லி அனுப்புகிறோம். ஆகவே இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சந்திப்பது அபூர்வம் அல்ல. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரிலேயே இதுபற்றி எச்சரித்தது. மாரடைப்புக்குப் பார்க்கும் டிரோப்போனின் பரிசோதனையும் இதே முறையில் பொய்யாகக் குறைந்து வரக்கூடும் என்பதையும் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவையுங்கள்.

என் அக்காவுக்கு 38 வயது. நான்கு வருடத்துக்கு முன் பிரசவத்தில் ரத்தம் கொட்டி, ஆறு யூனிட் ஏற்றினார்கள். அன்றிலிருந்து பால் சுரக்கவில்லை, மாதவிடாயும் திரும்பவில்லை. எப்போதும் குளிர், சோர்வு, ரத்த அழுத்தம் குறைவு. தைராய்டு பார்த்தோம், டிஎஸ்ஹெச் 2.1. நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

இந்தக் கடிதத்துக்கு அடுத்த இதழ் வரை காத்திருக்க வேண்டாம் என்று நினைத்து, உடனே மருத்துவரைப் பார்க்கச் சொல்லித் தனியாகவும் எழுதியிருக்கிறோம். மற்ற வாசகர்களுக்காக இங்கே விளக்குகிறோம்.

டிஎஸ்ஹெச் மட்டும் பார்த்துத் தைராய்டு சரி என்று சொல்வதற்கு ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு: உத்தரவு போடும் பிட்யூட்டரி நன்றாக இருக்க வேண்டும். கர்ப்பத்தில் பிட்யூட்டரி பெரிதாகிறது. பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போய் அழுத்தம் விழுந்தால் அதற்கு ரத்தம் கிடைக்காமல் திசு அழிந்துவிடும். 1937-ல் பிரிட்டனைச் சேர்ந்த ஷீஹான் என்ற நோய்க்கூறு வல்லுநர் விவரித்ததால் ஷீஹான் நோய் என்று பெயர். பால் சுரக்காததுதான் முதல் தடயம். பெரும்பாலும் வீட்டில் அதைப் ‘பால் வற்றிவிட்டது’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

இவர்களுக்கு டிஎஸ்ஹெச் குறைவாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் பலருக்கு இயல்பாகவும், சிலருக்குச் சற்று அதிகமாகவும்கூட இருக்கும். சேதமடைந்த பிட்யூட்டரி சுரக்கும் டிஎஸ்ஹெச்சைக் கருவி எண்ணிவிடும், ஆனால் அது தைராய்டைத் தூண்டும் வலு குறைந்தது. ஃப்ரீ டி4 பார்த்தால்தான் குட்டு உடையும். டிஎஸ்ஹெச் 2.1, ஃப்ரீ டி4 டெசி லிட்டருக்கு 0.5 நானோகிராம் என்று குறைந்து வந்தால் நோய் பிட்யூட்டரியில்.

அக்காவுக்கு ஃப்ரீ டி4, காலை 8 மணி கார்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்), பிட்யூட்டரி ஹார்மோன்களான புரோலாக்டின், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், அதோடு சோடியம் பார்க்க வேண்டும். காலை கார்டிசால் டெசி லிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் அட்ரினலுக்கு உத்தரவு போகவில்லை என்பது ஏறக்குறைய உறுதி. இடைப்பட்ட அளவு என்றால் அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஹெச் ஊசி போட்டுப் பார்க்கும் பரிசோதனை தேவை. பிட்யூட்டரிக்கு எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுப்பார்கள்.

இனி சொல்வதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். டி4 குறைவு என்று தெரிந்ததும் தைராக்சினைத் தொடங்கிவிடக் கூடாது. முதலில் கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன், பிறகுதான் தைராக்சின். தைராக்சின் உடலின் வேகத்தைக் கூட்டி, இருக்கிற கொஞ்சம் கார்டிசாலையும் சீக்கிரம் கரைத்துவிடும். ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இவர்களுக்குப் பிறகு டோஸைச் சரிபார்ப்பதும் ஃப்ரீ டி4-ஐ வைத்துத்தான். டிஎஸ்ஹெச் எண்ணுக்கு இங்கே பொருளே இல்லை. ‘டிஎஸ்ஹெச் 0.05 ஆகிவிட்டது, குறையுங்கள்’ என்று வேறு யாராவது சொன்னால், இது பிட்யூட்டரி நோய் என்பதைக் காட்டும் பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுங்கள்.

ஐந்து வருடமாக 50 மைக்ரோகிராம் எடுக்கிறேன். கர்ப்பம் உறுதியாகியிருக்கிறது. எப்போது டெஸ்ட்?
– வாசகி, விருதுநகர்

இன்றே. ஸ்கேன் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் மூன்று மாதம் குழந்தை முழுக்க உங்கள் தைராக்சினையே நம்பியிருக்கிறது, உங்கள் தேவை 25 – 30 விழுக்காடு கூடிவிடும். கர்ப்பம் தெரிந்ததுமே வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதிலாக ஒன்பது எடுக்கச் சொல்வது வழக்கம்: இரண்டு நாளில் மட்டும் இரண்டு மாத்திரை. உங்கள் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு அதைத் தொடங்கலாம். டிஎஸ்ஹெச் 2.5-க்குக் கீழே இருக்க வேண்டும். கர்ப்பத்தின் பாதி வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 30-வது வாரம் ஒட்டி ஒருமுறை பாருங்கள். பிரசவமானதும் பழைய டோஸுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் மறுபடி ஒன்று. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் இப்போது கட்டாயம் வரும், நான்கு மணி நேர இடைவெளியை மறக்க வேண்டாம்.

மாத்திரை எதுவும் எடுக்காத கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. எட்டு முதல் பதினொன்றாம் வாரத்தில் டிஎஸ்ஹெச் 0.1-க்குக் கீழே போனால் அது பெரும்பாலும் நோய் அல்ல. கர்ப்ப ஹார்மோனான ஹெச்சிஜி, தைராய்டைத் தூண்டிவிடுவதால் வருவது. வாந்தி அதிகம் உள்ளவர்களிடம் இது கூடுதலாகத் தெரியும். அதேபோல், மொத்த டி4 உயர்வாக வந்தாலும் அஞ்ச வேண்டாம். கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் டி4-ஐச் சுமக்கும் புரதம் கூடிவிடும். மொத்த டி4-இல் 99.9 விழுக்காட்டுக்கு மேல் அந்தப் புரதங்களில் ஒட்டிக்கொண்டிருப்பது, வேலை செய்வது மிச்சம் இருக்கும் துளிதான். பதினாறாம் வாரத்துக்குப் பிறகு மொத்த டி4-இன் இயல்பு அளவே ஒன்றரை மடங்கு.

குழந்தை பிறந்து 20 மணி நேரத்தில் குதிகாலில் ரத்தம் எடுத்தார்கள். டிஎஸ்ஹெச் 28 என்று மறுபடி வரச் சொல்கிறார்கள். மூன்று நாள் குழந்தையை மறுபடி குத்த வேண்டுமா என்று வீட்டில் பெரியவர்கள் தடுக்கிறார்கள்.
– வாசகர், சேலம்

கண்டிப்பாகப் போங்கள். 28 என்பது பெரும்பாலும் நோயாக இருக்காது. ஆனால் இல்லை என்று உறுதி செய்வதற்கு வேறு வழி கிடையாது.

கருப்பையின் சூட்டிலிருந்து வெளியே வந்த குழந்தைக்கு அரை மணி நேரத்தில் டிஎஸ்ஹெச் 60, 80 என்று எகிறும். உடலைச் சூடாக வைக்க இயற்கை செய்யும் ஏற்பாடு. இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதனால்தான் 48 மணி நேரத்துக்குப் பிறகு, முடிந்தால் 72 மணி நேரத்தில் எடுக்கச் சொல்வது. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் மருத்துவமனைகளில் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்ப்பார்கள், அது எகிறுவதற்கு முந்தைய ரத்தம் என்பதால் நம்பலாம். இரண்டுக்கும் நடுவில், முதல் நாளில் எடுப்பதுதான் தேவையில்லாத கலக்கத்தைத் தருகிறது.

குதிகால் ரத்தத்தை வட்டம் போட்ட காகிதத்தில் சொட்டி எடுக்கும்போது தவறு நடக்கும் இடங்களும் உண்டு. குதிகாலின் ஓரத்தில் குத்த வேண்டும், நடுவில் கூடாது. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த பெரிய சொட்டு ஒன்றே வட்டம் முழுக்க நிரம்பிப் பின்பக்கமும் ஊறித் தெரிய வேண்டும். ஒரே வட்டத்தில் மேலே மேலே சொட்டு வைத்தால் அளவு பொய்யாக ஏறும். பின்பக்கம் ஊறாவிட்டால் பொய்யாக இறங்கும், இதுதான் கொடுமை, நோய் தப்பிவிடும். பிறகு வெயில் படாமல் மூன்று நான்கு மணி நேரம் தட்டையாகக் காய வேண்டும். காகிதத்தில் வரும் எண், நரம்பில் எடுத்த சீரத்தின் எண்ணில் ஏறக்குறைய பாதிதான் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் 28 எந்தக் கணக்கு என்று லேப் சொல்ல வேண்டும்.

மறுபரிசோதனையில் நரம்பில் எடுத்து டிஎஸ்ஹெச்சும் ஃப்ரீ டி4-உம் பார்ப்பார்கள். முதல் பரிசோதனையிலேயே 40-ஐத் தாண்டிய குழந்தைகளுக்கு உறுதி செய்யும் ரத்தத்தை எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும். மாதங்கள் தள்ளிப்போனால் இழந்த அறிவு வளர்ச்சி மருந்தால் திரும்பாது. பிறந்தபோது பார்வைக்கு இந்தக் குழந்தைகள் மற்ற குழந்தைகளைப் போலவே இருப்பார்கள். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் 1974-ல் கனடாவின் கியூபெக்கில் எல்லாக் குழந்தைகளுக்கும் பார்க்கும் முறையைத் தொடங்கினார்கள்.

மருந்து வேண்டியிருந்தால் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 – 15 மைக்ரோகிராம். மாத்திரையைக் கரண்டியில் பொடித்துச் சில சொட்டுத் தாய்ப்பாலில் கரைத்து அப்போதே கொடுக்க வேண்டும். முழுப் பாட்டில் பாலில் கலந்தால், குழந்தை மிச்சம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். குறைமாதக் குழந்தை என்றால் முதல் முடிவு சரியாக இருந்தாலும் இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கிரேவ்ஸ் நோய்க்குக் கார்பிமசோல் மூன்று மாதமாக. ஃப்ரீ டி4, டி3 சரியாகிவிட்டன. டிஎஸ்ஹெச் மட்டும் 0.01-லேயே நிற்கிறது. மருந்து போதவில்லையா?
– வாசகர், நாகர்கோவில்

போதும். நெடுநாள் அடங்கிக் கிடந்த பிட்யூட்டரி விழிக்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். முதல் சில மாதம் டோஸை ஃப்ரீ டி4-உம் டி3-உம் பார்த்தே மாற்ற வேண்டும். டிஎஸ்ஹெச் ஏறவில்லை என்று மருந்தைக் கூட்டினால் தைராய்டு குறைபாட்டுக்குள் தள்ளிவிடுவோம். டிஆர்ஏபியை 12 – 18 மாதத்தில் மருந்தை நிறுத்தும் முன் பார்ப்பது பயனுள்ளது. அது இல்லையென்று வந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு.

0.01 என்ற எண்ணைப் படிக்க முடிவதே சின்ன விஷயமல்ல. 1960-களில் வந்த முதல் முறைகள் 1-க்குக் கீழே இருப்பதைப் பிரித்தறியாது. இயல்பானவரையும் தைராய்டு மிகுந்தவரையும் பிரிக்க, பிட்யூட்டரியைத் தூண்டும் டிஆர்ஹெச் ஊசி போட்டு, மறுபடி மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. இன்றைய மூன்றாம் தலைமுறைக் கருவிகள் 0.01 – 0.02 வரை தெளிவாகப் படிக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் ‘0.1-க்குக் கீழ்’ என்று மட்டும் வந்தால் லேபை மாற்றுங்கள்.

கார்பிமசோல் எடுக்கும்போது காய்ச்சலோடு தொண்டைவலி வந்தால் அன்றே மாத்திரையை நிறுத்தி, வெள்ளணு எண்ணிக்கை பாருங்கள். இதற்குத் தைராய்டு ரிப்போர்ட் உதவாது.

அப்பா நிமோனியாவில் ஐசியுவில் இருக்கிறார். டி3 குறைவு, டிஎஸ்ஹெச் 0.2. தைராய்டும் கெட்டுவிட்டதா?
– வாசகி, புதுச்சேரி

பெரும்பாலும் இல்லை. கடும் நோயில் உடல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், டி3 முதலில் விழும். ஸ்டீராய்டும் டோபமினும் டிஎஸ்ஹெச்சை அழுத்தும். ஹெப்பாரின் ஊசி, சோதனைக் குழாயிலேயே ஃப்ரீ டி4-ஐப் பொய்யாக உயர்த்தும். தேறி வரும்போது டிஎஸ்ஹெச் 20 வரை ஏறி இறங்குவதும் உண்டு. வீடு திரும்பி ஆறு வாரம் கழித்து ஒருமுறை பாருங்கள். அவர் இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவராக இருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் தனியாக நினைவூட்டுங்கள். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அவருக்குத் தைராய்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.